ஃபைபர் போன்: கரண்ட் போனால் என்ன செய்வது?



கிராமத்து வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்குவோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பழைய டெலிபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக வந்தது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டுமே வரும். அந்த ஒளியை இன்டர்நெட்டாகவும் பேச்சாகவும் மாற்றும் ஓஎன்டி பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான் வேண்டும். அது போனால் இரண்டும் நின்றுவிடும்.

பிள்ளைகள் வளைகுடாவில், வயதான அத்தா அம்மா மட்டும் வீட்டில் என்ற குடும்பங்கள் நம்மில் உண்டு. கரண்ட் இல்லாத இரவில் நெஞ்சுவலி வந்தால் 108-ஐ எப்படி அழைப்பார்கள்? ஆகவே:

1. பெட்டிக்கு மினி யுபிஎஸ் வையுங்கள். அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் அளவு பார்த்து வாங்குங்கள்.

2. இழையை மடித்து ஆணியடிக்காதீர்கள். 'லாஸ்' விளக்கு சிவப்பாக மினுங்கினால் ஒளி வரவில்லை என்று பொருள். உடனே புகார் செய்யுங்கள்.

3. சார்ஜ் ஏற்றிய சாதாரண செல்போன் ஒன்று பெரியவர்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இணைப்பு கொடுத்த அன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிசீவரை எடுத்துப் பாருங்கள். டயல் டோன் கேட்டால்தான் வேலை முடிந்தது.