பாப்பாவிடம் உள்ளதைச் சொல்

திண்டுக்கல்

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மா எழுதுவது. அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு நீ காலேஜுக்குக் கிளம்பியது சரிதான். நீ போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை உன் தங்கை பாப்பாவைக் கோட்டை மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சாமி என்னையும் கூட்டிட்டுப் போயிருமா பெரியம்மா?" என்றாள். அப்பாவைச் சாமி கூட்டிக்கிட்டுப் போயிருச்சு என்று அவளிடம் சொன்னது நாம்தானே!

ஏழு வயதுப் பிள்ளை நம் வார்த்தையை அப்படியே நம்பும். தூங்குகிறார் என்றால் தூங்கப் பயப்படும். வெளியூர் போயிருக்கிறார் என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளை மடியில் உட்காரவைத்து, "அப்பா இறந்துட்டாரு. நெஞ்சு வலி வந்து இதயம் நின்னுபோச்சு. இனி வரமாட்டாரு. நீ எதுவும் செஞ்சதால இது நடக்கல" என்று சொல். கடைசி வார்த்தையை விட்டுவிடாதே. அன்று விடியற்காலையில் அப்பா பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது புது ஸ்கூல் பை வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாளாம். அதனால்தான் அப்பாவுக்கு நெஞ்சு வலித்ததா என்று ராத்திரி என் காதில் கேட்டாள். இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. மறுபடி மறுபடி கேட்பாள். சலிக்காமல் அதையே சொல்.

அழுத கண்ணோடு பாண்டி ஆடப் போவாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஊர் சொல்லும். தெரியும். சிறுபிள்ளைத் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. நீ போன மறுநாள் பாப்பா ஒரு முழம் மல்லியை எடுத்துப்போய் உன் அம்மா தலையில் வைக்கப் பார்த்தாள். கூட இருந்தவர்கள் வெடுக்கென்று பிடுங்கிவிட்டார்கள். நாலு மொட்டு அவள் உள்ளங்கையிலேயே கசங்கிக் கிடந்தது. நிலக்கோட்டைப் பூவை விற்றுச் சாப்பிட்ட வீடு தம்பி அது. அப்பாவும் போய், பொட்டும் பூவும் வைத்த அம்மாவும் ஒரே நாளில் போய்விட்டால் பிள்ளை யாரைத்தான் பிடித்துக்கொள்ளும்? அம்மாவுக்கு இஷ்டமிருந்தால் வைத்துக்கொள்ளட்டும். மறுப்பவர்களிடம் நம் பக்கத்துக் காந்திகிராமத்தைக் காட்டு. அதை 1947-ல் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதன் பிறகு டாக்டருக்குப் படித்து, மறுமணமும் செய்துகொண்டவர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளாளுக்கு உன் தோளைத் தட்டி, "இனி இந்த வீட்டுக்கு நீதான் அப்பா" என்றார்கள். நீ அண்ணன், அது போதும். உனக்கும் அப்பா போயிருக்கிறார். அழுகை வந்தால் பாப்பா முன்னாலேயே அழு. அவளுக்கும் அழலாம் என்று தெரியட்டும். படிப்பை மட்டும் விட்டுவிடாதே. கணவரை இழந்த தாயின் சிறு பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு, வருமான வரம்புக்கு உட்பட்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க நானே அம்மாவைக் கூட்டிப்போகிறேன்.

பாப்பா இப்போது படுக்கையில் சிறுநீர் போகிறாள், பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு வலி என்கிறாள். திட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்கில் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் காட்டுவோம். 14416 மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் ஆலோசனை சொல்வார்கள். உனக்கே தூக்கம் வராத ராத்திரிகளிலும் கூப்பிடு.

அப்பாவின் போட்டோவைப் பரண்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். இறக்கி, பாப்பாவுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டியிருக்கிறேன். அவருடைய துண்டில் இன்னும் மல்லி வாசம் இருக்கிறது. அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறாள். யாரும் துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு.

அன்புடன்,
பெரியம்மா