இரு நிரல்கள் சேர்ந்த திறவுகோல்

ஒரு பள்ளியில் 800 மாணவர்கள் ஐந்து பாடங்களில் தேர்வு எழுதுகிறார்கள் என்று கொள்வோம். மதிப்பெண் அட்டவணையில் 4,000 நிரைகள் இருக்கும். ஒவ்வொரு நிரையிலும் பதிவெண், பாடம், மதிப்பெண் என மூன்று நிரல்கள். பதிவெண்ணை மட்டும் சொன்னால் ஐந்து நிரைகள் வந்து நிற்கும். பாடத்தை மட்டும் சொன்னால் 800. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரே ஒரு நிரை அகப்படும். இத்தகைய நிரல்களின் சேர்க்கையே கூட்டுத் திறவுகோல் எனப்படுகிறது. தகவல்களை அட்டவணைகளாக அமைத்துக் கையாளும் இம்முறையை 1970இல் வகுத்தளித்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர்.

திறவுகோலைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டன்று. கணிதத்தில் தவறிய மாணவர் அதே பதிவெண்ணில் மறுதேர்வு எழுதினால் என்ன ஆகும்? 'இவருக்குக் கணிதம் முன்பே பதிவாகிவிட்டது' என்று கணிப்பொறி புதிய நிரையை ஏற்க மறுக்கும். பழையதை அழித்து எழுதினாலோ, முதல் தேர்வின் சான்றே இல்லாமற்போகும். தேர்வு நடந்த மாதத்தையும் ஆண்டையும் திறவுகோலில் முதலிலேயே சேர்த்திருந்தால் இத்தொல்லை நேராது.

இனித் தேடும் வேலையைப் பார்ப்போம். நிரைகளை வரிசைப்படுத்திக் காட்டும் தனிப்பட்டியலுக்கு அடைவு என்று பெயர். வரிசையில் உள்ள 4,000 பதிவுகளைப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால், அதிகம் போனால் 12 ஒப்பீடுகளில் வேண்டியதை எட்டிவிடலாம். ஆனால் எந்த நிரல் முன்னே நிற்கிறது என்பது முக்கியம். அகராதியில் 'மரம்' என்ற சொல்லைக் காண்பது எளிது. இரண்டாம் எழுத்து 'ர' ஆக உள்ள சொற்களையெல்லாம் எடுக்கச் சொன்னால்? முழுவதையும் புரட்டவேண்டியதுதான்!

அதுபோலவே, பதிவெண், பாடம் என்ற வரிசையிலுள்ள அடைவில் ஒரு மாணவரின் ஐந்து பதிவுகளும் அடுத்தடுத்து இருக்கும். கணிதப் பதிவுகளோ 800 இடங்களில் சிதறிக்கிடக்கும். 'கணிதத்தில் 90க்கு மேல் பெற்றவர் யார்?' என்று அடிக்கடி கேட்பதானால், பாடம், மதிப்பெண் என்ற வரிசையில் இன்னோர் அடைவு வேண்டும். அதில் விடை முழுவதும் ஒரே தொடராக அமைந்திருக்கும். மதிப்பெண்ணை முன்னே வைத்தால் ஐந்து பாடங்களும் கலந்து வரும். பிறகு பொறுக்கி எடுக்கவேண்டும். ஆகவே ஒரே மதிப்பைக் குறிப்பிட்டுக் கேட்கும் நிரல் முன்னும், 'இதற்கு மேல்', 'இதற்குக் கீழ்' என்று கேட்கும் நிரல் பின்னும் நிற்பது நலம்.

அப்படியானால் எல்லாக் கேள்விக்கும் ஓர் அடைவு வைத்துக்கொள்ளலாமே எனலாம். ஒரு புதிய மதிப்பெண் சேரும்போது அத்தனை அடைவுகளிலும் அதை உரிய இடத்தில் நுழைத்தாகவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எழும் கேள்விக்கு 4,000 நிரைகளையும் படித்துவிடுவதே மேல். கணிப்பொறிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை.