“என்னைய மட்டும் ஏன் கூப்பிடுறாங்க?”



யூனியில் கல்வி உதவிக்கு மனு செய்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். திடீரென்று மின்னஞ்சல் வருகிறது: “குடும்ப வருமான ஆவணங்களுடன் நேரில் வரவும்.” உடனே வயிற்றைக் கலக்கும். நம்மைப் பொய்யர் என்று நினைத்துவிட்டார்களோ?

பதற வேண்டாம். நிதி அளவானது, கேட்பவர்கள் அதிகம். பாரத்தில் எழுதியதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் சரிபார்ப்பு. அது குற்றச்சாட்டு அல்ல. ஆனால் பயந்துகொண்டு போகாமல் இருந்தால் மனு அப்படியே நின்றுவிடும்.

முதலில் தாள்களைச் சேருங்கள்: பெற்றோரின் மைகாட் நகல், சம்பளச் சிலிப், இ.பி.எஃப். அறிக்கை, வருமான வரி பாரம், படிக்கும் தம்பி தங்கைகளின் பிறப்புப் பத்திரம். அப்பா தவறியிருந்தால் இறப்புப் பத்திரம். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. அப்பாவின் பெயர் மைகாட்டில் ஒரு மாதிரி, நம் பிறப்புப் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கும். இதை முன்கூட்டியே பார்த்து, முகப்பில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி கடினமான இடத்துக்கு வருவோம். அப்பா லாரி ஓட்டுகிறார். அவருக்குச் சம்பளச் சிலிப் உண்டு. அம்மா காலையில் நாசி லெமாக் விற்கிறார். அந்தக் காசுக்குத் தாளே கிடையாது. “அதெல்லாம் ஒரு வருமானமா? அப்பா சம்பளத்த மட்டும் போடும்மா,” என்கிறார் அம்மா. மகள் என்ன செய்வாள்?

அம்மாவின் காசையும் எழுத வேண்டும். சிலிப் இல்லாத வருமானத்துக்குப் பொதுவாகச் ‘சூராட் சும்பா’ கேட்பார்கள். சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திடும் இந்தப் பத்திரம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் தெரிந்தே பொய் சொல்வது தண்டனைக்குரிய குற்றம். கையெழுத்துப் போடப்போவது அம்மா. நாம் மறைக்கச் சொன்னால், அந்தப் பொய்யை அம்மா தலையில் கட்டுகிறோம்.

உண்மையை எழுதினால் உதவி குறையலாம், கிடைக்காமலும் போகலாம். அது வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் வருமானத்தோடு செலவையும் சொல்லலாமே! வீட்டு வாடகை, பாட்டியின் மருந்து, தம்பியின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் ரசீதோடு காட்டுங்கள். கேட்டால்தானே அதிகாரிக்கும் தெரியும்? ஏழ்மையைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். இருப்பதை மறைக்கவும் துணியாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அம்மா சம்பாதித்த காசு, பாரத்தில் ஒரு வரி பெறத் தகுதியில்லாததா?

கலந்து பேசுங்கள்:
1. உங்கள் வீட்டில் தாளில் வராத உழைப்பு யாருடையது?
2. நண்பன் வருமானத்தைக் குறைத்து எழுதச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?
3. இன்றே கூப்பிட்டால், எந்தப் பத்திரம் உங்கள் கையில் இல்லை?