500 வந்தால் பதிவு ஆச்சா, ஆகலையா?

கவுன்சலிங் சாய்ஸ் எல்லாம் போட்டு 'சேவ்' அழுத்தியதும் திரையில் வெறும் 500 என்று வருகிறது. என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் மறுபடியும் அழுத்துவார்கள். தா.பழூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும், பிளஸ் டூ முடித்த தம்பிக்கோ தங்கச்சிக்கோ அந்த எண் ஒன்றும் சொல்லாது. தெரிய வேண்டியது இரண்டே விஷயம்தான். நான் போட்டது பதிவாச்சா? மறுபடி அழுத்தலாமா?

2018க்கு முன்னால் பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகணும். இங்கிருந்து போனால் ராத்திரி பஸ், கூட வரும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம். ஆனால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார், "சீட் போட்டாச்சா சார்?" என்று கேட்கலாம். இப்போது அந்த அலைச்சல் இல்லை. கேட்க ஆளும் இல்லை. அந்த ஆளின் வேலையை நாம் எழுதும் எரர் பேஜ்தான் செய்தாக வேண்டும். நம்ம ப்ராஜெக்ட்களில் கடைசி நாளில் அவசரமாக ஒட்டப்படுவதும் அதேதான்.

பெரிய இடங்களிலும் இது நடக்கும். 2021 ஏப்ரல் 28, மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறந்தது. திறந்ததுமே பலருக்கு ஓடிபி வரவில்லை, பக்கம் திறக்கவில்லை. 4 மணிக்கு வந்த சின்னக் கோளாறு சரியாகிவிட்டது என்று ஆரோக்கிய சேது தரப்பில் அன்றே சொன்னார்கள். அன்று மட்டும் 1.3 கோடிக்கு மேல் பதிவு ஆனது. அதாவது சர்வர் முழுதாகச் சாகவில்லை. சிலருக்கு வேலை செய்தது, சிலருக்குச் செய்யவில்லை. எழுதிச் சமாளிக்கக் கஷ்டமான நிலை இந்தப் பாதி உயிர்தான்.

முதலில் எண்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். 4ல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் தப்பு, 5ல் தொடங்கினால் சர்வர் பக்கம். 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்தது. 502, 504 இரண்டும் நடுவில் நிற்கும் ப்ராக்ஸி சொல்வது: பின்னால் இருக்கிற சர்வர் தப்பான பதில் தந்தது, அல்லது நேரத்துக்குள் பதிலே தரவில்லை. 503 என்றால் இப்போது முடியாது, அப்புறம் வா. எப்போது வரலாம் என்பதை 'ரிட்ரை-ஆஃப்டர்' ஹெடரில் வினாடிக் கணக்கிலேயே சொல்லலாம். நிறைய பேர் எக்ஸப்ஷனைப் பிடித்துவிட்டு, 200 கோடோடு "ஏதோ தவறு" என்று ஒரு பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். மனுஷனுக்கு அது எரர். மானிட்டரிங் டூலுக்கும், இந்தத் தளத்தைக் கூப்பிடும் மொபைல் ஆப்புக்கும் அது வெற்றி. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, உடைத்துப் பார்ப்போம். ஒரு சர்வ்லெட்டில் வேண்டுமென்றே ரன்டைம் எக்ஸப்ஷன் எறியுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால் டாம்கேட் ஸ்டேக் ட்ரேஸையும் தன் வெர்ஷன் எண்ணையும் அப்படியே உலகத்துக்குக் காட்டும். வெப் எக்ஸ்எம்எல் ஃபைலில் எரர்-பேஜ் டேகில் 500க்கு ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அது வரும். ஸ்பிரிங் பூட் என்றால் கன்ட்ரோலர் அட்வைஸ்.

இங்கே வைவாவில் கேட்கக்கூடிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'செட் ஸ்டேட்டஸ்' என்று கோடை மட்டும் மாற்றினால் நீங்கள் கொடுத்த எரர் பக்கம் வராது. 'சென்ட் எரர்' என்றால்தான் கன்டெய்னர் அந்தப் பக்கத்துக்கு அனுப்பும். அதுவும் பதில் கிளம்புவதற்கு முன்னால் நடக்கணும். டாம்கேட்டின் பஃபர் சாதாரணமாக 8 கேபி. அது நிரம்பி முதல் துண்டு வெளியே போய்விட்டால் 200 என்ற கோடும் கூடவே போய்விட்டது. அதற்கப்புறம் உடைந்தால் பாதிப் பக்கம்தான். ஒரு பெரிய டேபிளை அச்சடித்து நடுவில் எக்ஸப்ஷன் எறிந்து பாருங்கள், புரியும்.

அடுத்தது கூட்ட நெரிசல். இதை உருவாக்க ஆயிரம் பேர் தேவையில்லை. ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிக்காரி கனெக்‌ஷன் பூலின் இயல்பு அளவு 10. கனெக்‌ஷன் கிடைக்காவிட்டால் 30 வினாடி காத்திருந்துவிட்டு எக்ஸப்ஷன் தரும். பூல் அளவை 1 ஆக்குங்கள், காத்திருக்கும் நேரத்தை 2 வினாடி ஆக்குங்கள். டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனுக்கு உள்ளே 10 வினாடி த்ரெட்டைத் தூங்க வையுங்கள். லேப்டாப்பில் ஒன்று, போனில் ஒன்று என்று ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டாவது விழும். (ஒரே பிரவுசரில் இரண்டு டேப் வேண்டாம், முதல் பதில் வரும்வரை இரண்டாவதைப் பிரவுசரே சில நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும்.) இப்போது வருவது 500. உண்மையில் இது 503 ஆக இருக்கணும், ஏனென்றால் எதுவும் உடையவில்லை, இடம்தான் இல்லை. அந்த எக்ஸப்ஷனைத் தனியாகப் பிடித்து 503 கொடுங்கள்.

503 கொடுப்பதை அவமானமாக நினைக்க வேண்டாம். நம்ம பக்கத்து அணைக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள், 1836ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. கொள்ளிடத்தில் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வீராணத்துக்குப் போகும் வடவாற்றில் அது தாங்குகிற அளவுதான் விடுவார்கள். மிச்சம் ஆற்றோடு போகும். எல்லாத்தையும் உள்ளே விட்டால் கரை உடையும்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்வி. இதற்குச் சோதனை இப்படி: டிரான்ஸாக்‌ஷன் கமிட் ஆன அடுத்த வரியில் எக்ஸப்ஷன் எறியுங்கள். திரையில் 500. டேட்டாபேஸில் போய்ப் பாருங்கள், வரிசை உட்கார்ந்திருக்கும்! அந்தத் தம்பி இரண்டாம் தடவை அழுத்தினால் இரண்டு வரிசை. அது பதிவுக் கட்டணமாக இருந்தால் இரண்டு தடவை பணம். பக்கம் பார்க்க மட்டும் இருக்கும் கெட் ரிக்வெஸ்டை எத்தனை தடவையும் அனுப்பலாம். போஸ்ட் அப்படியில்லை.

தீர்வு ரொம்பப் பெரிதில்லை. ஃபார்மைக் காட்டும்போதே ஒரு யூயூஐடி உருவாக்கி ஹிட்டன் ஃபீல்டில் வையுங்கள். அழுத்தும்போது உருவாக்கினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிது வரும், பிரயோஜனமில்லை. டேபிளில் அந்தக் காலத்துக்கு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். ஃபார்மையே மறுபடி திறந்து வருபவருக்குப் புது ஐடி கிடைக்குமே என்று கேட்டால், அதனால்தான் விண்ணப்ப எண்ணும் சுற்று எண்ணும் சேர்ந்த ஜோடிக்கும் ஒரு யூனிக் வேணும். ஏற்கெனவே இருக்கிறது என்று டேட்டாபேஸ் சொன்னால் அதை எரராகக் காட்டாமல், பழைய பதிவையே எடுத்து "உங்கள் பதிவு இருக்கிறது" என்று காட்டுங்கள். "இருக்கிறதா என்று முதலில் செலக்ட் செய்து பார்த்துவிட்டு இன்சர்ட் செய்கிறேன்" என்பது போதாது. இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் வரும்.

எரர் பக்கத்தில் "மன்னிக்கவும்" என்று பூப்போட்ட படம் வேண்டாம். "உங்கள் பதிவு சேர்ந்திருக்கலாம். மறுபடி அழுத்தும் முன் 'என் பதிவுகள்' பாருங்கள்" என்று எழுதி, லாகில் உள்ள அதே குறிப்பு எண்ணையும் காட்டுங்கள். போனில் அந்த எண்ணைச் சொன்னால் நீங்கள் லாகில் தேடி எடுக்கலாம்.

கடைசியாக, கட்டண கேட்வே. நாம் வேறொரு சர்வரைக் கூப்பிடும்போது அது பதிலே சொல்லாமல் இழுக்கலாம். ஜாவா 11ல் வந்த ஹெச்டிடிபி கிளையன்ட்டில் நாமாக டைம்-அவுட் வைக்காவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். டாம்கேட்டின் இயல்பு த்ரெட் எண்ணிக்கை 200தான். எல்லாம் அங்கே மாட்டினால் கட்டணமே கட்டாதவருக்கும் பக்கம் திறக்காது. ஒயர்மாக் என்ற டூலை கேட்வே இடத்தில் நிறுத்தி, ஒரு தடவை 503, ஒரு தடவை 60 வினாடி தாமதம், ஒரு தடவை பாதியில் இணைப்பு அறுவது என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். டைம்-அவுட் ஆனதும் டேட்டாபேஸில் 'தோல்வி' என்று எழுதிவிடாதீர்கள். பணம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு நிலை வைத்து, சில நிமிஷம் கழித்து கேட்வேயிடம் அந்தப் பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்துக் கேட்டு, அப்புறம் மாற்றுங்கள். அதுவரை அந்த ஃபார்மில் 'கட்டணம் செலுத்து' பட்டன் வரக்கூடாது.