ஒரு மைதானம், ஆறு அணிகள்: யாருக்கு எப்போது?

பள்ளிப் பையை இறக்கக்கூட வீட்டுக்குப் போகாமல், மாலை நாலரைக்குப் பிள்ளைகள் நேரே மைதானத்துக்கு ஓடிவருகிறார்கள். டிசம்பர் மாதச் சென்னையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இடையில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். எட்டு வயதுக் குட்டிகள், பன்னிரண்டு வயதுப் பையன்கள், பெண்கள் அணி, கல்லூரி அண்ணன்கள் என்று எல்லாரும் அந்த ஒன்றரை மணி நேரத்தையே கேட்கிறார்கள். ஒரே திடலில் நான்கு கிரிக்கெட் ஆட்டம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாலும் அவரவர் பந்தை அவரவர் அடையாளம் கண்டு பொறுக்கி வருவது நம் ஊர்த் திறமை. அது கால்பந்தில் எடுபடாது. எப்படியாவது பங்கு பிரித்தாக வேண்டும்.

செலவில்லாத முறை, 'ஜெயிச்ச டீம் நிற்கும், தோத்த டீம் வெளியே' என்பது. பதிவேடு வேண்டாம், செயலாளர் வேண்டாம். இளைஞர்கள் பொழுதுபோக்காக ஆடும் இடத்தில் இதைவிடச் சுவாரஸ்யமான ஏற்பாடு இல்லை. பயிற்சிக்கு மட்டும் இது சரிப்படாது. எந்த அணிக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அதுதான் முதலில் வெளியேறி, சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இதற்கு நேரெதிரான முறை, பணம் கட்டி முன்பதிவு செய்வது. இந்த இரண்டும் மோதினால் என்ன நடக்கும் என்பதை சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதி 2014இல் பார்த்தது. அங்கிருந்த சிறு திடலில் அணிக்கு ஏழு பேர், வென்றவர் நிற்பார் என்பதுதான் வெகுகால வழக்கம். ஒரு மாலை, மணிக்கு 27 டாலர் கட்டிய அனுமதிச் சீட்டோடு தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் வந்து உள்ளூர்ப் பையன்களை நகரச் சொன்னார்கள். வாக்குவாதம் காணொளியாகப் பரவியது. கடைசியில் நகர நிர்வாகம் அந்தத் திடலில் பெரியவர்களுக்கான முன்பதிவையே நிறுத்தியது.

சென்னையிலும் அதே கேள்வி வந்தது. மாநகராட்சியின் 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று 2024 அக்டோபரில் மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பட்டியலில் கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியும் இருந்தது. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு நான்கு வாரத்தில் 1,440 ரூபாய் ஆகும். வட சென்னையில் எத்தனை வீடுகளில் அதைக் கொடுக்க முடியும்? எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் கைவிடப்பட்டது. செயற்கைப் புல்தரை (டர்ஃப்) போட்டால் பராமரிப்புக்குக் காசு வேண்டும் என்பதும் உண்மைதான். அதை இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கொளியில் ஆட வரும், வேலைக்குப் போகும் பெரியவர்களிடம் வாங்கலாம். சிறுவர்களின் மாலை நேரத்தில் கை வைக்கக் கூடாது.

பெரும்பாலான இடங்களில் நடப்பது நேரப் பங்கீடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றரை மணி நேரத்தை மூன்றாக வெட்டினால் அணிக்கு அரை மணி. கோன் வைத்து, உடம்பைச் சூடேற்றி முடிப்பதற்குள் அதில் பத்து நிமிடம் போய்விடும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐந்து மணிக்கான முறையை ஒருதடவை பிடித்த பழைய அணி அதை விடவே விடாது. வருஷக்கணக்கில் பட்டா போட்டதுபோல வைத்திருக்கும். நேரத்தைப் பிரிப்பதானால் மாதா மாதம் சுழல வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடுவது, இரண்டு அணிகள் ஒரே நேரத்துக்கு மல்லுக்கு நிற்கும்போது மட்டும் உதவும்.

பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களுக்கு நேரத்தை வெட்டுவதைவிட இடத்தை வெட்டுவதே மேல். முழு அளவு ஆடுகளம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். எட்டு வயதுக் குழந்தைக்கு அது பாலைவனம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் எட்டு வயதுக்குட்பட்டோருக்கு அணிக்கு ஐந்து பேர், ஏறக்குறைய 37க்கு 27 மீட்டர் களம் என்று பரிந்துரைக்கிறது. முழு மைதானத்தில் அப்படி நான்கு களங்களைத் தாராள இடைவெளியோடு போடலாம். 22 பேர் ஆடும் இடத்தில் 40 பேர் ஆடுவார்கள். பத்து வயதுக்குட்பட்டோரின் எழுவர் ஆட்டத்துக்கு 55க்கு 37 மீட்டர் போதும். அதைக் குறுக்குவாட்டில் போட்டால், பாதிக்கு ஒன்றாக இரண்டு களம் கிடைக்கும்.

இடமில்லாததற்குச் சொல்லும் சமாதானம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 2002-03இல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ஒன்பது வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் எண்மர் ஆட்டத்தையும் நால்வர் ஆட்டத்தையும் ஒப்பிட்டு எண்ணினார்கள். நால்வர் ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதம் கூடுதல். கோல் முயற்சிகள் 260 சதவீதம் கூடுதல். சின்னக் களத்தில் பந்து அடிக்கடி காலுக்கு வருகிறது, அவ்வளவுதான் சங்கதி. ஒரே ஒரு எச்சரிக்கை: தூக்கி வைக்கும் சிறிய கோல் போஸ்ட்டுகளின் அடியில் மணல் மூட்டை போட்டு நிறுத்துங்கள். கவிழ்ந்த போஸ்ட் குழந்தைகளின் உயிரைக் குடித்த சம்பவங்கள் உண்டு.

பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பதினொருவர் ஆட்டத்தின் தூரமும் அமைப்பும் முழு மைதானத்தில்தான் பழகும். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மாலை முழுத் திடலும் வேண்டும். மற்ற நாள்களில் பாதி போதும்.

தரைக்கும் ஓய்வு தேவை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நல்ல இயற்கைப் புல்தரையே வாரத்துக்கு மூன்று பெரியவர் ஆட்டம்தான் தாங்கும் என்கிறது இங்கிலாந்தின் விளையாட்டு வாரிய வழிகாட்டுதல். டர்ஃப் நிறையத் தாங்கும். பொதுப் பயன்பாட்டுக்கான தரத்துக்கு ஃபிஃபா சொல்வது வாரம் 40 முதல் 60 மணி நேரம். ஆனால் சித்திரை வெயிலில் அதில் கால் வைக்க முடியாது. புல்லோ மண்ணோ, கோல் போஸ்ட்டுக்கு முன்னால் உள்ள இடம்தான் முதலில் குழிவிழும். குட்டிகளின் களங்களை ஓரங்களில் போட்டால் அந்த இடம் தப்பிக்கும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் கடைசியில் மிஞ்சுவதை வாங்கிக்கொள்வது பெண்கள் அணியாகவே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் சாஃப்ட்பால் ஆடிய சிறுமிகள், பையன்களுக்கு நல்ல திடல், தங்களுக்கு மோசமான திடலா என்று 1998இல் நகரத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். மறுவருடம் சமரசம் ஆனது. 2004இல் கலிபோர்னியா மாநிலம், சிறுவர் விளையாட்டுக்கு மைதானம் ஒதுக்குவதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சட்டமே இயற்றியது. நம் ஊரில் இருட்டிய பிறகு பெண் பிள்ளைகளைத் திடலில் விட வீட்டார் தயங்குவார்கள். ஆறு மணிக்கு மேல் நேரம் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம்.

எனவே அடுத்த பருவத்துக்கு முன் ஆறு அணிப் பயிற்சியாளர்களும் ஒரு டீக்கடையில் உட்காருங்கள். அட்டவணையில் பெண்கள் அணியின் நாலரை மணி வரிசையை முதலில் எழுதுங்கள், அடுத்து குட்டிகளின் கால்பங்குக் களங்கள், பிறகு மற்றவர்கள். எழுதியதை மைதானக் கதவில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுங்கள்.