கழுத்துக் கட்டியும் ஊசிப் பரிசோதனையும்



பல்வலி, தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும். புண் ஆறியதும் வடிந்துவிடும். மூன்று வாரம் ஆகியும் வடியாத கட்டியை அப்படி விட்டுவிடக் கூடாது. அது காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். கையால் தொட்டுப் பார்த்து மட்டும் எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. "வலி இல்லையே" என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஊசிப் பரிசோதனை என்றால் என்ன?

மருத்துவமனையில் இதை எஃப்.என்.ஏ.சி. என்பார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தையல் கிடையாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

"ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்" என்று பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசியால் அப்படிப் பரவுவது மிக மிக அரிது. தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் வளர்கிறது.

வைரஸுக்கு என்ன தொடர்பு?

நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரிய காரணங்கள் புகையிலையும் பாக்கும். இவற்றைத் தொடாதவர்களுக்கும் சில சமயம் வருகிறது. அதற்கு இரண்டு வைரஸ்கள் காரணமாகலாம். எச்.பி.வி. என்பது டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் இதே வைரஸ்தான் காரணம். அதைக் கண்டறிந்த ஜெர்மன் மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ். இது மூக்கின் பின்புறப் புற்றுநோயுடன் தொடர்புடையது. நம் நாட்டில் நாகாலாந்தில் இந்நோய் அதிகம்.

இத்தகைய புற்றுநோய், தொடங்கிய இடத்தில் சிறியதாக மறைந்திருக்கும். கழுத்துக் கட்டியே பலருக்கு முதல் அடையாளம். ஊசியில் எடுத்த அதே செல்களில், பி16 என்ற புரதத்தையும் வைரஸின் மரபணுவையும் தேட முடியும். எச்.பி.வி. இருந்தால் டான்சில், நாக்கடி. எப்ஸ்டீன்-பார் இருந்தால் மூக்கின் பின்புறம் என்று, எங்கே தேடுவது என்பது மருத்துவருக்குப் புரியும். எச்.பி.வி.யால் வந்த தொண்டைப் புற்றுநோய் பொதுவாகச் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் என்பது நோயாளிக்கு நல்ல செய்தி.

ஒரு எச்சரிக்கை

எச்.பி.வி. தொடர்புள்ள கட்டியில் நீர் கோத்திருப்பது உண்டு. அப்போது ஊசியில் நீர்தான் வரும்; செல்கள் போதாது. 40 வயதைத் தாண்டியவருக்கு "வெறும் நீர்க்கட்டி" என்று முடிவு வந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே மறுபடியும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். "புற்றுநோய் செல்கள் தென்படவில்லை" என்பதும் "புற்றுநோய் இல்லை" என்பதும் ஒன்றல்ல.

யாரையும் சந்தேகிக்காதீர்கள்

எச்.பி.வி. பெரும்பாலும் தாம்பத்திய உறவின் வழியே பரவுவது. ஆனால் இது மிகப் பரவலான வைரஸ். பெரும்பாலோர் உடலில் தானே மறைந்துவிடும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே நோயாகும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இந்த முடிவை வைத்துக் கணவனையோ மனைவியையோ குற்றம் சொல்வது அநியாயம். அந்தப் பயத்தால் நோயை மறைப்பது உயிருக்கே ஆபத்து.

எங்கே போவது?

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் காலமானார். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும்; காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் வீட்டு அத்தாவுக்கோ உம்மாவுக்கோ வடியாத கட்டி இருந்தால், இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.