துடைப்பதற்கு முன் பாருங்கள்

பரணிலோ கொட்டகையிலோ பழைய சைக்கிள் அகப்பட்டால், வீட்டில் யாராவது ஒருவர் உடனே உப்புத்தாளும் பெயிண்ட் டப்பாவும் வாங்கி வந்துவிடுகிறார். தயவுசெய்து வேண்டாம். பழைய வண்டிகளைப் பார்த்துச் சொல்ல என்னை அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வதே இதைத்தான். வண்டியின் வயதும் பிறந்த ஊரும் பெரும்பாலும் அந்த அழுக்குக்கு அடியில் இருக்கின்றன.

காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில், நெல் குதிருக்குப் பின்னால் ஒரு வண்டி நின்றது. "எங்க அப்பச்சி ரங்கூன்லேருந்து கப்பல்ல கொண்டாந்த ராலே, தம்பி. இரும்புக் கடைக்காரரு எடைக்குக் கேக்குறாரு" என்றார் ஆச்சி.

முன்குழாயில் ராலேயின் நாரைத் தலை வில்லை இருந்தது. அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு அசன்சோலில் சென்-ராலே ஆலை வந்து, ராலே வண்டிகள் இந்தியாவிலேயே தயாராயின. அதேபோல அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951இலிருந்து, இங்கிலாந்துப் பெயரான ஹெர்குலிஸைச் செய்தது. ஆகவே பெயரோடு ஊரையும் படிக்க வேண்டும். இங்கிலாந்து ராலே என்றால் நாட்டிங்காம் என்று எங்காவது இருக்கும். தவிர, முன்வில்லையை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எளிது.

அடுத்துப் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். ராலே என்றால் அதிலும் நாரை வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜ் என்றால் விரித்த கை. ஹம்பர் என்றால் ஓடும் மனிதர்கள்; அதன் முன் போர்க் பக்கத்துக்கு இரண்டு குழாய்களாக இருப்பது இன்னோர் அடையாளம். பி.எஸ்.ஏ. தன் பெயரின் மூன்று எழுத்துகளையே வெட்டியிருக்கும். ஹம்பர் 1932இலும் ரட்ஜ் 1943இலும் ராலேயின் கைக்குப் போய்விட்டன. அதனால் பிற்கால வண்டிகளில் ராலே பாகங்களைக் கண்டதும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மூன்று கியர் வண்டியாக இருந்தால் பின்சக்கர ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடையுங்கள். அதில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும், ஏ.டபிள்யூ. போன்ற மாடல் எழுத்தும், பெரும்பாலும் செய்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் பொறித்திருக்கும். ஃபிரேம் எண்ணைவிட நான் நம்புவது இதைத்தான். ஆச்சியின் வண்டியில் 51 என்று இருந்தது. ஆனால் ரங்கூனை ஜப்பானியர் பிடித்தது 1942இல். குடும்பம் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஹப் சொல்வது ஹப்பின் வயதைத்தான். ரிம் நெளிந்து, கம்பி அறுந்து, சக்கரம் மாறாத பழைய வண்டி அபூர்வம். முன் போர்க்கிலும் ஃபிரேமிலும் ஓடிய தங்கக் கோடு ஒன்றாக இருந்தது. பின்சக்கரம் மட்டும் தனியாகத் தெரிந்தது. சீட்டுக்குக் கீழே போகும் குழாயை ஈரப் பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது, விற்ற கடையின் சின்ன ஒட்டு முத்திரை தெரிந்தது. அதில் ரங்கூன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. உப்புத்தாள் ஒரே இழுப்பில் அதை அழித்திருக்கும். ஆச்சி சொன்னது சரி, ஹப் சொன்னதும் சரி. ஊருக்கு வந்த பிறகு யாரோ கியர் சக்கரம் போட்டிருக்கிறார்கள்.

கேரியரிலோ ஹேண்டில்பாரிலோ நகராட்சி சைக்கிள் வரி வில்லை தொங்கினால் அதையும் கழற்ற வேண்டாம். அதிலுள்ள ஆண்டில் வண்டி அந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதுவே சான்று.

விலைக்கு வருவோம். வயது மட்டும் விலையாகாது. முழுமையும் அசல் பெயிண்டும்தான் விலை. முழுச் செயின் பெட்டி, ப்ரூக்ஸ் தோல் சீட்டு, லூகாஸ் விளக்கு, மணி, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றில் எது இல்லையோ, அதைத் தேடி வாங்க ஆகும் செலவை முழு வண்டியின் விலையிலிருந்து கழியுங்கள். புது பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட, கீறலோடு தங்கக் கோடு மிஞ்சிய வண்டிக்கே சேகரிப்பவர்கள் அதிகம் தருகிறார்கள். ஆச்சியிடமும் அதையே சொன்னேன்: "எடைக்குப் போட்டுடாதீங்க ஆச்சி. விக்கிறதா இருந்தா ரெண்டு மூணு பேர்கிட்டக் காட்டி விலை கேளுங்க. இந்த முத்திரையை மறக்காமக் காட்டுங்க."

ஓட்டிப் பார்க்க விரும்பினால் சில எச்சரிக்கைகள். காய்ந்த தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைத்தால் தொய்ந்துவிடும். மெழுகுப் பசை மெல்லியதாகப் போதும். முன் ஹப் பருத்து உள்ளே டைனமோ இருந்தால், காந்தத்தையும் சுருளையும் பிரிக்கக்கூடாது. பிரித்தால் காந்தம் வலுவிழக்கும். ராலேயின் பெடல் அச்சுக் கப்புக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்றவற்றுக்குப் பொதுவாக 24. கடையில் கிடைக்கும் கப்பை அதில் முறுக்கி ஏற்ற மெக்கானிக்கை விடாதீர்கள். ஃபிரேமின் மரை போய்விட்டால் சரிசெய்வது கடினம். பழைய கப்பையே மண்ணெண்ணெயில் கழுவி, புது பால்ரஸ் போட்டு, கிரீஸ் வைத்து மூடச் சொல்லுங்கள்.